பல்வலிக்கு விரதம் என்று பெயர் வைத்தேன்

என் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். லைப்சிக் என்று ஓர் ஊர். அங்கே மூன்றாவது மாடியில் என் மகள் செல்வியின் வீடு. கார்த்திகை மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி, உப்பளம் மாதிரி ஒரே வெள்ளை. அந்த வலியோடு நான் பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆத்தா காளியம்மாதான் என் வாயைத் திறந்து வைத்தாள். அதைத்தான் எழுத வந்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வரும் தாய்மார்கள், "வெளிநாட்டுல ஆத்தா ஒங்களுக்கு என்ன செஞ்சா, கோயில் மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுத நாள் பிடிக்கும். இருந்தாலும் இன்னொருத்தரைக் கொண்டு எழுத வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குத் தலைகுனிவான இடத்தையும் மறைக்கவில்லை.

என் பெயர் முத்துராக்கு. வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று ஏக்கர் மிளகாயை அதற்குப் பிறகும் நான்தான் பார்க்கிறேன். இராமநாதபுரம் சந்தைக்கு மூட்டை ஏற்றுவதும் நான்தான். யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. எங்கள் அம்மா சொல்வாள், பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கலாம், கை நீட்டக் கூடாது என்று. அதைப் பிடித்துக்கொண்டே அறுபத்தெட்டு வயது வரை வந்துவிட்டேன்.

"தனியா ஏம்மா கெடக்க, மூணு மாசம் வந்து இருந்துட்டுப் போ" என்று செல்வி டிக்கெட் போட்டாள். ஐப்பசிக் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. நான் அதைப் பற்றிக் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். மாப்பிள்ளை நல்ல மனிதர். இருவரும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டால், அதற்குப் பிறகு சாயங்காலம் ஆறு மணி வரை எனக்கு மனிதச் சத்தம் கிடையாது. கீழே டிராம் போகும். அதில் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். குக்கர் விசில் அடித்தால் யாரோ என்னைக் கூப்பிட்டது போல இருக்கும். "இந்தா வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருக்கும்.

அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கீழ்வீட்டு வெள்ளைக்கார அம்மாள். என் வயதிருக்கும். அவளையும் எனக்குப் பிடிக்காது. அங்கே குப்பைக்கு நாலு தொட்டி, நாலு நிறத்தில் மூடி. ஒருநாள் நான் பால் பாக்கெட்டை வேறொரு தொட்டியில் போட்டுவிட்டேன். அவள் வந்து, என் கண் முன்னாலேயே அதை எடுத்து, மஞ்சள் மூடியைத் தட்டிக் காட்டி, அதற்குள் போட்டாள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. பேச்சு முன்னாலும் இருந்ததில்லை, மொழி தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நான் பார்க்கிறதையும் விட்டேன்.

நான் போன முதல் வாரம் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் சாப்பிட வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். பேச்சு பல் வைத்தியத்தில் வந்து நின்றது.

"என் வீட்டுக்காரிக்கு ஒரே ஒரு பல்லுடா. வேரைச் சுத்தம் பண்ணி மேல மூடி போட்டதுக்குக் குடுத்த காசுல, ரெண்டு பேரும் ஊருக்குப் போய் கெடா வெட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார்.

"இன்சூரன்சு?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அது கொஞ்சம் குடுத்துச்சு. மூடிக்கு நம்ம தலையிலதான். அதுவும் ஆளு கெடைக்கணுமே! நாலு எடத்துல புது ஆளு எடுக்கலைன்னுட்டான். அஞ்சாவது எடத்துல ஆறு வாரம் கழிச்சு வரச் சொன்னான். அதுவரைக்கும் பல்லு காத்துக்கிட்டு இருக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனதுக்குள் மட்டும் போட்டு வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் வலி வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. இட்லியை மெல்ல முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

"என்னம்மா, திங்கல?" என்றாள் செல்வி.

"இன்னிக்கிச் செவ்வாக்கெழம. வெரதம்."

வாயில் சட்டென்று வந்துவிட்டது. நம் வீடுகளில் பெண்பிள்ளை சாப்பிடவில்லை என்றால் என்ன ஏது என்று நாலு கேள்வி வரும். விரதம் என்று சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடும். ஆத்தா பேரைச் சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நானும் அதையே கதவாகச் சாத்திக்கொண்டேன். மறுநாளும் வலி விடவில்லை. புதன்கிழமைக்கு என்ன சொல்வது? "ஒரு மண்டலம் இருக்கப் போறேன். பாலும் கஞ்சியும் போதும்" என்றேன்.

செல்வி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எனக்காகத்தானேம்மா?"

பிள்ளை வரம் கேட்டு நான் பட்டினி கிடக்கிறேன் என்று என் மகள் நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தாய்மார்களே, அந்தத் தலையாட்டல்தான் நான் செய்த பாவம்.

மறுநாள் காலை அவள் தன் சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் கிளம்பினாள்.

"வேலைக்குப் போறவ, நீ எதுக்குடி பட்டினி கெடக்க?"

"நீ எனக்காகக் கெடப்ப, நான் கெடக்க மாட்டேனா? ராத்திரி ஒருநேரம் சாப்புட்டாப் போதும்."

அன்று நான் ஊரிலிருந்து கொண்டு போன திருப்பாலைக்குடிக் கருவாட்டை எடுத்து மாப்பிள்ளைக்கு மட்டும் குழம்பு வைக்கப் போனேன். அவர், "வேணாம் அத்தை. மாமியாரும் பொண்டாட்டியும் வெரதம் இருக்கையில நான் மட்டும் கவிச்சி தின்னா, ஆத்தா என்னையத்தான் மொதல்ல பிடிப்பா" என்று சிரித்துக்கொண்டே பையைக் கட்டி வைத்தார். என் ஒரு பொய்க்கு மூன்று பேர் வயிறு காய்ந்தது.

வலியோ நாளுக்கு நாள் ஏறியது. ஊரில் செய்வது போலக் கிராம்பை வைத்துக் கடித்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கன்னம் வீங்கத் தொடங்கியதும் கம்பளித் துண்டைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கேட்டால் குளிர் என்றேன். அவர்கள் போன பிறகு துண்டை அவிழ்த்துவிட்டு, அந்தப் பெரிய வீட்டில் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடப்பேன். அழுதால் கேட்க ஆள் இல்லை என்பதால் சத்தமாகவே அழுவேன். கேட்க ஆள் இல்லாமல் அழுகிற அழுகை நிற்கவே நிற்காது. அதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அடுப்படி அலமாரியில் ஆத்தா படம் இருந்தது. அங்கே சூடம் கொளுத்த முடியாது. கூரையில் ஒரு கருவி இருக்கிறது, புகை போனால் கட்டடமே கேட்கும்படி கத்தும். அதனால் வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு நிற்பேன். தினமும் ஒரே வேண்டுதல்: "ஆத்தா, யாருக்கும் தெரியாம இந்த வலிய எடுத்துரு." ஒன்பது நாள் கேட்டேன். எடுக்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபமே வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தால் இவளுக்கும் நான் யாரோ ஆகிவிட்டேனோ என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் செல்வி வேலையிலிருந்து வந்து, அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போனவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"தலை சுத்துதும்மா. ஒண்ணுமில்ல. நாலு நாள் போனாப் பழகிரும்."

இந்தப் பிள்ளையை நான்தான் இப்படி நிறுத்தியிருக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். துண்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வீம்பு என்பது அப்படித்தான் ஆளைக் கட்டிப்போடும்.

மறுநாள் காலை, அவர்கள் போன பிறகு ஆத்தா முன்னால் நின்றேன். அன்று வேறு மாதிரி கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆத்தா, ஒன் பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். எம்புள்ள அத நம்பி வயித்தக் காயப் போடுது. எனக்குச் சொல்ல வாய் வரல. மாப்ள காசுல வைத்தியம் பாக்குறதான்னு மனசு மல்லுக்கு நிக்குது. வலி இருந்துட்டுப் போகுது. நீயே என்னையக் காட்டிக்குடுத்துரு. யாரு கண்ணுலயாவது படும்படி செஞ்சுரு."

ஒன்றும் நடக்கவில்லை. மணி எட்டரை இருக்கும். குப்பைப் பை நிறைந்திருந்தது. செல்வியின் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தொட்டியின் மூடியைத் தூக்கினபோது காற்றடித்துத் தலைத்துண்டு நழுவியது. திரும்பினால் கீழ்வீட்டு அம்மாள் நிற்கிறாள். இன்றைக்கும் தொட்டியை மாற்றிவிட்டேனோ என்று பையைப் பார்த்தேன். அவள் பையைப் பார்க்கவில்லை. என் கன்னத்தைப் பார்த்தாள். கிட்டே வந்து, புறங்கையால் தொட்டாள். பத்து நாளில் என் முகத்தை ஒருவர் தொட்டது அதுதான்.

அவள் போனை எடுத்து அதனிடம் என்னவோ சொன்னாள். போன் தமிழில் பேசியது. "உங்கள் பல் வலிக்கிறதா?" என்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

"ஒண்ணுமில்ல" என்றேன். பழக்கம் விடவில்லை.

போன் அதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவள் நம்பவில்லை. அங்கேயே, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், தன் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மேல் பல் செட்டைக் கழற்றி என் கண் முன்னால் நீட்டினாள். பொக்கை வாயோடு சிரித்தாள். எனக்குப் பல்லே இல்லை, நீ ஒரு பல்லுக்கு வெட்கப்படுகிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வலி உயிர் போயிற்று. வலியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே வாயைத் திறந்து காட்டினேன்.

அவள் உள்ளே போய்க் கோட்டும் கைப்பையும் எடுத்து வந்தாள். என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். நான் குப்பை போட வந்த கோலத்தில் இருந்தேன். டிராமில் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள். மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கினோம். அவள் வழக்கமாகப் பார்க்கிற பல் டாக்டர். அங்கே காலையில் இரண்டு மணி நேரம், வலி தாங்காமல் வருகிறவர்களை முன்பதிவு இல்லாமல் பார்க்கிறார்கள் என்று பிறகு செல்வி விசாரித்துச் சொன்னாள். வந்து உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அங்கே இருந்த நம் ஆட்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் கேட்டிருக்க வேண்டுமே.

முன்னால் மேசையில் இருந்த பெண் இன்சூரன்ஸ் அட்டை கேட்டாள். என்னிடம் என்ன இருக்கிறது? வழி தப்பிப் போனால் காட்டுவதற்காகச் செல்வி தன் நம்பரை எழுதிக் கொடுத்த காகிதம் சுருக்குப் பையில் இருந்தது. அதை நீட்டினேன். அந்தப் பெண் போன் போட்டுப் பேசிவிட்டு என் காதில் வைத்தாள்.

"அம்மா! எங்க இருக்க? யாரு கூட?"

"பல்லு டாக்டர்ட்ட. கீழ்வீட்டம்மா கூட்டிட்டு வந்துச்சு."

"பல்லா? பல்லு வலிக்குதுன்னு நீ எப்பச் சொன்ன?"

"சொல்லல."

"அங்கனயே இரு, வாரேன்" என்றாள்.

அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்துவிட்டாள். என் கன்னத்தைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்.

"செல்வி, அது வெரதம் இல்லடி. மெல்ல முடியல. அதான் அப்புடிச் சொன்னேன்."

"எனக்காக இல்லையா?"

"இல்ல தாயி."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். என்ன புரிந்ததோ, எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

செல்வி மெதுவாகச் சொன்னாள்.

"நானும் ஒன்கிட்ட ஒண்ணு சொல்லலம்மா. சித்திரையில வயித்துல தங்குச்சு. ரெண்டு மாசம். அப்பறம் போயிருச்சு. அய்யா போன துக்கத்துல நீ இருந்த. தனியாக் கெடக்குறவகிட்ட எப்புடிச் சொல்லுறதுன்னு விட்டுட்டேன்."

நான் ஊரில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு, என் மகள் சுகமாக இருக்கிறாள் என்று நினைத்த நாட்களில் இது நடந்திருக்கிறது. அவள் அந்த மூன்றாவது மாடியில் தனியாக அழுதிருக்கிறாள். நான் நடந்த அதே அடுப்படிக்கும் ஜன்னலுக்கும்தான் அவளும் நடந்திருப்பாள். என் பல் வலி அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். வேற்று மனிதர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அப்படிச் செய்கிறவள் அல்ல நான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். வேரில் சீழ் வைத்திருக்கிறது, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கி ஆபத்தாகியிருக்கும் என்றாள். இரண்டு வழி சொன்னாள். வேர் வைத்தியம் செய்து மூடி போட்டால் பல்லைக் காப்பாற்றலாம், செலவு அதிகம். அல்லது பிடுங்கிவிடலாம். நான் ஊரிலிருந்து போகும்போது மாப்பிள்ளை எனக்கு எடுத்திருந்த இன்சூரன்ஸ், வலியைத் தீர்க்கிற வைத்தியத்துக்குத்தான் கொடுக்குமாம். மூடிக்குக் கொடுக்காதாம்.

"நாங்க கட்டுறோம்மா. பல்லக் காப்பாத்தச் சொல்லுவோம்" என்றாள் செல்வி.

"டாக்டரம்மாட்டக் கேளு, இந்தப் பல்லு இல்லாட்டி நான் மிளகாச் சாக்குத் தைக்க முடியாதான்னு."

அவள் கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே முடியும் என்றாள். "அப்பப் புடுங்கிரச் சொல்லு" என்றேன். இந்த முறை அது வீம்பில் சொன்னது இல்லை, கணக்காகத்தான் சொன்னேன். அன்று சீழை எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம்.

அங்கே கையில் காசு வாங்கவில்லை. பத்து நாள் கழித்துத் தபாலில் பில் வந்தது. நான் ஊரிலிருந்து மாற்றிக் கொண்டு போயிருந்த நோட்டுகளை எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். "சரி அத்தை, வாங்கிக்கிறேன். ஆனா நீங்க வந்ததுல இருந்து எனக்குக் கொழம்பு வச்சீகளே, துணி மடிச்சு வச்சீகளே, அதுக்கு நான் பில்லு போட்டா இந்தக் காசு பத்தாதே. மிச்சத்துக்கு என்ன செய்வோம்?" என்றார்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நோட்டுகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பில்லை அவர்தான் கட்டினார். பெரும்பகுதியை இன்சூரன்ஸ்காரர்கள் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்காமல் போயிருந்தாலும் அவர் கட்டியிருப்பார். அது எனக்குத் தெரிவதற்கு ஒரு பல் போக வேண்டியிருந்தது.

பொய்யாகத் தொடங்கிய விரதத்தை ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தோம். கீழ்வீட்டு அம்மாளுக்குக் கேசரி கிண்டிக் கொண்டு போனேன். கடிக்க வேண்டாத பண்டம், இருவருக்கும் தோதுதான். அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பும் வரை, பகலில் அவள் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பேன். அவள் பின்னுவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு அதிகம் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

தாய்மார்களே, நான் முதலில் கேட்டதை ஆத்தா தரவில்லை. யாருக்கும் தெரியாமல் வலியை எடு என்று கேட்டேன், எடுத்திருந்தால் நான் அந்த வீட்டில் அதே தனியாளாகவே இருந்துவிட்டு வந்திருப்பேன். என் மகளும் தனியாளாகவே இருந்திருப்பாள். காட்டிக்கொடு என்று கேட்ட அன்று, அரைமணி நேரம்கூட ஆத்தா தாமதிக்கவில்லை. யாரை நான் முகம் கொடுத்துப் பார்க்க மாட்டேன் என்று இருந்தேனோ அந்த மனுஷியையே அனுப்பினாள். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு முன்னால் உட்காரும்போது, உங்களுக்கு எங்கே நோகிறது என்று அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அங்கே யாராவது ஒருத்தரிடமும் சொல்லுங்கள். அவள் துணை நிற்பாள்.

நான் ஊருக்கு வந்து மாசக் கணக்காகிறது. செல்விக்கு இன்னும் பிள்ளை இல்லை. ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் சாயங்காலம் செல்வி போனில் கூப்பிடுவாள். "எங்கம்மா வலிக்குது இன்னிக்கி?" என்பாள். முழங்கால் என்றால் முழங்கால் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கேட்பேன், "ஒனக்கு?" என்று. சில நாள் அவள் உடனே சொல்லிவிடுவாள். சில நாள் பேச்சு வராது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.